இருபத்து மூன்று கிராம்

நகை எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிடுவேன். காற்று பட்டால் தராசில் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும். காரைக்குடியில் அடகு பிடிக்கிற ஓர் இடத்தில் 19 வருடமாக இதுதான் என் வேலை. உரைகல்லில் உரசிப் பார்ப்பேன், கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பேன், நிகர எடையை எழுதுவேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டார், அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். மகன் படிப்புக்கோ மாமனார் ஆபரேஷனுக்கோ எவ்வளவு தேறும் என்பது அதில்தான் இருக்கிறது.

2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு லண்டனில் கிறிஸ் யூபாங்க் ஜூனியர் எடை பார்க்கத் தராசில் ஏறினார். மறுநாள் இரவு கானர் பென்னோடு குத்துச்சண்டை. மிடில்வெயிட் பிரிவு, வரம்பு 160 பவுண்டு, நம் கணக்கில் 72.57 கிலோ. முதல் தடவை 160.2 காட்டியது. இறங்கிப் போய் இன்னும் கொஞ்சம் வியர்வையைப் பிழிந்துவிட்டு வந்து மறுபடி ஏறினார். 160.05.

வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். 0.05 பவுண்டு என்றால் இருபத்து மூன்று கிராம்கூட முழுசாக இல்லை. தங்கத்துக்கும் பவுன், எடைக்கும் பவுண்டு, இங்கிலாந்துக் காசுக்கும் பவுண்டு. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்த சொல்தான், அன்றைக்கு மூன்றும் ஒரே கணக்கில் வந்து நின்றன. மூணு பவுன் நகைக்கும் கொஞ்சம் குறைவான எடை, அது கூடிப்போனதற்கு அபராதம் 3,75,000 பவுண்டு. நம் பணத்தில் நாலு கோடி ரூபாய்க்கு மேல். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கே மூச்சிலும் வியர்வையிலும் ஒரு மணி நேரத்தில் அதைவிடக் கூடுதலாக எடை போய்விடும். அந்த மனிதர் உடம்பில் அதற்குக்கூட ஈரம் மிச்சமில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

எங்கள் தெருவில் அந்த ஒரு வாரமும் இதே பேச்சு. தெரு என்றால் மூன்று பேர்: பெரியப்பா, என் கபடிக் கூட்டாளி, நான். கிரிக்கெட்டுக்கு ஊரே இருக்கிறது, இதற்கு நாங்கள் மூன்று பேர்தான். சாயங்காலம் வேலை முடிந்ததும் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவோம். ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணை, சித்திரை வெயிலிலும் முதுகுக்குக் குளுகுளு என்று இருக்கும்.

பெரியப்பா இளமையில் கோலாலம்பூர் போனவர். லெபோ அம்பாங்கில் செட்டியார்மார் கிட்டங்கி ஒன்றில் சமையலுக்கு இருந்தார். 1975 ஜூலை 1-ஆம் தேதி அதே ஊரில், மெர்டேகா அரங்கத்தில், முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். 15 சுற்றும் போய்ப் புள்ளியில் அலி வென்றார். உள்ளே போக டிக்கெட்டுக்குக் காசில்லை. அரங்குக்கு வெளியே நின்று கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர் பெரியப்பா. ஐம்பது வருடமாகியும் அந்தச் சத்தத்தை வாயால் எழுப்பிக் காட்டுவார். அது ஹெவிவெயிட், எடைக்கு மேல்வரம்பே கிடையாது. அதனால் இந்த எடைச் சண்டையே அவருக்குப் பிடிக்காது.

“கூடுதலாத் திங்கிறவன் கூடுதலா இருக்கான், அதுக்கு என்னப்பா கோர்ட்டுக் கேஸு மாதிரி இத்தனை பேச்சு?” என்பார்.

“இல்ல பெரியப்பா, அறுபது கிலோக்காரன எழுபத்தஞ்சு கிலோக்காரன்கிட்ட விட்டா ஆளு செத்துருவான்ல?” என்பான் கூட்டாளி.

“அப்ப எடை போட்ட கையோட சண்டைய விடணும். முதநா எடை, மறுநா சண்டைன்னா ராத்திரியோட ராத்திரியா அவன் என்னாத்தத் திம்பான், எம்புட்டுக் குடிப்பான்னு யாருக்குத் தெரியும்?”

பெரியப்பா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது: காலையில் எடை, அன்றைக்கே சண்டை. 1982 நவம்பர் 13-ஆம் தேதி லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரியாக்காரர் டுக் கூ கிம், 135 பவுண்டுக்குள் வருவதற்கு ரொம்பப் பாடுபட்டுத்தான் தராசில் ஏறினார். 14-ஆவது சுற்றில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு, நாலு நாளில் உயிர் போய்விட்டது. அதன் பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது. எடை பார்ப்பதும் அடுத்தடுத்த வருடங்களில் முதல் நாளுக்கு மாறியது. காய்ந்த உடம்பு நனைந்து தேற ஒரு நாளாவது வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு நாள் கிடைக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் கூடுதலாகக் காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள். 170, 175 பவுண்டில் இருக்கிறவர் ஒரு நாளுக்கு மட்டும் 160 ஆகி, படம் எடுத்துக்கொண்டு, ராத்திரியே பழைய ஆள் ஆகிவிடுவார். எதிரே நிற்கிறவர் நிஜமாகவே 160 என்றால் அவர் கதி என்ன?

அதை மறிக்கத்தான் யூபாங்க்-பென் ஒப்பந்தத்தில் இரண்டாவது ஒரு வரம்பும் வைத்தார்கள். போட்டி அன்று காலையில் மறுபடி எடை, 170 பவுண்டைத் தாண்டக் கூடாது. பென் 147 பவுண்டு பிரிவில் பெயர் எடுத்தவர், இரண்டு பிரிவு மேலே ஏறி வருகிறார். யூபாங்க் 168-லும் ஆடியவர், இயல்பிலேயே பெரிய உடம்பு. சின்னவருக்குப் பாதுகாப்பு என்று கேட்டால் நியாயமாகத்தான் படும். நானும் முதலில் அந்தக் கட்சிதான்.

கூட்டாளி அந்தக் கட்சியில் இல்லை. அவன் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

1998. எங்கள் பக்கத்தில் கோவில் திருவிழா என்றால் கபடி உண்டு. நோட்டீஸிலேயே போட்டுவிடுவார்கள், 55 கிலோ எடைப்பிரிவு, 60 கிலோ, 65 கிலோ என்று. எங்கள் அணி 55. பாடிப் போவதில் அவனை அடிக்க ஆளில்லை, மூச்சு விடாமல் கோட்டைத் தொட்டுவிட்டுப் பாம்பு மாதிரி திரும்புவான். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது மண்டித் தராசில் ஏறிப் பார்த்தான். 57.400.

அந்த மூன்று நாளும் அவன் செய்ததெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் கூட நானும் செய்தேன். காலையில் இரண்டு சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு குன்றக்குடி ரோட்டில் ஓட்டம். மத்தியானம் புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற இடத்தில், அந்த ஆவியில் போய் உட்காருவது. வாயில் புளியை அதக்கிக்கொண்டு ஊறுகிற எச்சிலை எல்லாம் ஒரு கொட்டாங்கச்சியில் துப்புவது. கடைசி நாள் ராத்திரி அவனுக்கு எச்சிலும் ஊறவில்லை. புளி அப்படியே காய்ந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. விரலை விட்டு நான்தான் எடுத்தேன். நாக்கு மணல் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை எடை. மேடைத் தராசைப் பொட்டலில் வைத்து, 55-க்குக் கல்லை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவன் ஏறினான், தண்டு மேலே போய் இடித்தது. 200 கிராம் கூட என்றார்கள். சட்டையைக் கழற்றினான். துண்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு டவுசரையும் கழற்றினான். தண்டு இறங்கி வந்து, பாதியில் தயங்கி, மறுபடி மேலே போனது. “ஒரு அம்பது கிராம் விடுங்கண்ணே” என்று கெஞ்சினோம். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர், “உங்களுக்கு அம்பது விட்டா நாளைக்கு அவன் நூறு கேப்பான்” என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஊர் அணியை அந்தத் தராசில் ஏற்றியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அப்போது அவன் இடுப்பைப் பார்த்தான். கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் சின்ன வெள்ளித் தாயத்து. யாரோ பிளேடு கொடுத்தார்கள். அவனே அறுத்து என் கையில் கொடுத்தான். தராசில் ஏறினான். தண்டு நடுவில் வந்து நின்றது. கையில் முத்திரை குத்தினார்கள்.

அடுத்த நிமிடம் குழாயடிக்குப் போய் இரண்டு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தான். பிறகு பரோட்டா. மத்தியானம் மூன்று மணி வெயிலில் எங்கள் ஆட்டம். இரண்டாவது தடவை பாடிப் போனபோது பாட்டு பாதியில் நின்றது. மூச்சு விட்டுவிட்டான் என்று எல்லாரும் கத்தினார்கள். அவன் கெண்டைக்கால் இரண்டும் கட்டிக்கொண்டு, கோட்டுக்கும் போகாமல் திரும்பவும் முடியாமல் அங்கேயே சரிந்தான். டிவிஎஸ் ஃபிஃப்டியில் நடுவில் உட்காரவைத்து தேவகோட்டைக்குக் கொண்டுபோனோம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கிட்னி தப்பித்தது பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னார். நாலு நாள் குளுக்கோஸ்.

அவன் அம்மா ஆஸ்பத்திரியில் வைத்து யாரையும் திட்டவில்லை. அவன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்கள். “உசுரோட இருக்குற புள்ளைக்கு யாராச்சும் அரைஞாங்கயித்த அறுப்பாகளாப்பா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டைப் பையில் அந்தக் கயிறு இருந்தது, அதை எடுத்துக் கொடுக்கவும் துணியவில்லை.

அதற்குப் பிறகு அவன் கபடி ஆடவில்லை. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த இறுதிப்போட்டி அன்று காலை வினேஷ் போகத் 50 கிலோவுக்கு 100 கிராம் கூடி வெளியே போனபோது நாடே பேசியது. விதி விதிதான் என்றார்கள் பாதிப்பேர், சதி என்றார்கள் மீதிப்பேர். அந்தப் பெண் விடிய விடியத் தூங்காமல் எடை குறைத்தார், கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டினார்கள் என்று செய்தி வந்ததைப் படித்துவிட்டு, “முடி” என்று மட்டும் சொன்னான் கூட்டாளி. வேறு ஒன்றும் பேசவில்லை.

ஆக, யூபாங்க் விஷயத்தில் அவன் கேட்டது இதுதான். “மாப்ள, 160-க்கு இறங்குறதுக்கு ஒருநா காயப் போட்டாச்சு. சரி. மறுநாளும் 170-க்கு மேல போகாதேன்னா, அவன் வயிறாரத் தண்ணி குடிக்கிறது எப்ப? தலையில அடி வாங்குற அன்னைக்கும் காஞ்சுபோயே வரச் சொல்றீகளா?” மூளையைச் சுற்றி இருக்கிற நீர்தான் அடியைத் தாங்குகிறது. காய்ந்த உடம்போடு தலையில் அடி வாங்குவது ஆபத்து என்று மருத்துவர்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறார்கள். சின்னவரைக் காக்க வைத்த வரம்பு பெரியவரைச் சாய்க்கிற கயிறாகவும் ஆகலாம். அவன் பேசியபிறகு என்னால் பழைய கட்சியில் நிற்க முடியவில்லை.

எனக்கு இதில் கோபம் வருவது தராசின் மேல் இல்லை. தராசு பொய் சொல்லாது. அந்த எண்ணை யார் வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கடையில் நகையின் எடையைத் தராசு சொல்லும், கிராமுக்கு எவ்வளவு என்பதைப் பணம் வைத்திருப்பவர் சொல்வார். குத்துச்சண்டையில் எடையே பேரம் ஆகிவிட்டது. முறையான பிரிவு 147, 154, 160 என்று இருக்கும்போது, நடுவில் 145, 150, 152 என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் எண் வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கூட்டத்தை இழுக்கிற நட்சத்திரம் சொல்கிற எண். 2009-இல் மிகுவேல் கோட்டோ தன் 147 பவுண்டு பட்டத்தைக் காக்க 145-க்கு இறங்கி வந்து மேனி பாக்கியாவோவோடு மோத வேண்டியிருந்தது. 2013-இல் 154 பவுண்டு சாம்பியன் கனெலோ அல்வாரெஸ் 152-க்கு இறங்கித்தான் மேவெதரைச் சந்தித்தார். இரண்டு பேரும் தோற்றார்கள். எடையால்தான் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அன்றைய பாக்கியாவோவும் மேவெதரும் வேறு ஜாதி ஆட்டக்காரர்கள். ஆனாலும் ஒருவர் உடம்பிலிருந்து இரண்டு பவுண்டை மேஜையில் உட்கார்ந்து கேட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2008 டிசம்பர் 6 நினைவுக்கு வருகிறது. ஆஸ்கர் டி லா ஹோயா ஏழு வருடத்துக்கும் மேலாக 147-க்கு இறங்காதவர். பாக்கியாவோவோ 135-இல் ஒரே ஒரு போட்டி ஆடிவிட்டு நேரே 147-க்குத் தாவினார். சின்னப் பையனைப் பெரியவரிடம் தள்ளுகிறார்கள் என்றுதான் அத்தனை பேரும் பயந்தார்கள். எடை பார்த்தபோது டி லா ஹோயா 145, பாக்கியாவோ 142. மறுநாள் களத்தில் ஏறும்போது டி லா ஹோயா 147-தான் இருந்தார், பாக்கியாவோ 148-ஐத் தாண்டியிருந்தார். உடம்பில் தண்ணீர் திரும்பி ஏறவே இல்லை. எட்டாவது சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்த டி லா ஹோயா எழுந்திருக்கவில்லை. பெரிய ஆள் யார், சின்ன ஆள் யார் என்பதையே அந்தத் தராசு புரட்டிப்போட்டது.

நல்ல விதியும் ஒன்று இருக்கிறது. உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் தன் பட்டப் போட்டிகளுக்கு முப்பது நாள் முன்பே ஒரு தடவை எடை பார்க்கிறது, வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஏழு நாள் இருக்கும்போது மறுபடி, 5 சதவீதம். 160-க்கு என்றால் 176, அப்புறம் 168. இப்படி வந்தால் கடைசி ராத்திரி ஆவியில் உட்கார வேண்டிய அவசியம் குறையும். எங்கள் பொட்டலிலும் ஒரு மாதம் முன்பே ஒரு தடவை ஏற்றிப் பார்த்திருந்தால், “தம்பி, நீ அறுபதுல ஆடு” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

இனி அந்த ராத்திரி. இந்தப் போட்டிக்கு ஏன் மூன்று பேரும் முழித்திருந்தோம் என்று சொல்ல வேண்டும். இது அப்பன்மார் விட்டுப்போன பங்காளிப் பகை. கிறிஸ் யூபாங்க் சீனியரும் நைஜல் பென்னும் 1990 நவம்பரில் பர்மிங்காமில் மோதி, ஒன்பதாவது சுற்றில் யூபாங்க் ஜெயித்தார். 1993 அக்டோபரில் மான்செஸ்டரில் மறுபடி மோதி சமனில் முடிந்தது. தீராமல் நின்ற அந்தக் கணக்கைத்தான் பிள்ளைகள் கையில் எடுத்தார்கள். 2022 அக்டோபரிலேயே நடந்திருக்க வேண்டியது, அப்போது வைத்த எடை 157. பென்னின் ஊக்கமருந்துப் பரிசோதனையில் பிரச்சினை வந்து அது நின்றுபோனது. அந்தச் சமயத்தில் சீனியர், என் மகனை 157-க்கு இறக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். 2021-இல் ஒரு மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

அவர் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1991 செப்டம்பர் 21-ஆம் தேதி அவர் கையால் அடிபட்டு விழுந்தவர் மைக்கேல் வாட்சன். 40 நாள் நினைவில்லாமல் கிடந்தார், மூளையில் ஆறு அறுவைச் சிகிச்சை. களத்தோரம் போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்று பிரிட்டிஷ் வாரியத்தின் மேல் வாட்சன் வழக்குப் போட்டு வென்ற பிறகுதான் அங்கே பாதுகாப்பு விதிகள் இறுகின. அந்தச் சண்டை நடந்த இடம் வொயிட் ஹார்ட் லேன் மைதானம். 2025-இல் மகன் சண்டை போட்டது, அதை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பிய டாட்டன்ஹாம் அரங்கத்தில். இதை நான் சொன்னபோது பெரியப்பா வெற்றிலையை மடித்த கையோடு நிறுத்திவிட்டார். “அந்த மண்ணுலயா?” என்றார்.

சனிக்கிழமை காலை 170-க்குள் எடை காட்டிவிட்டார் என்று செய்தி வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் மடிக்கணினியைத் திண்ணையில் வைத்தோம். கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று ஃபோனையும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். பெரியம்மா சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். அங்கே ராத்திரி பத்து என்றால் இங்கே இரண்டரை. காரிலிருந்து யூபாங்க் ஜூனியர் இறங்கும்போது கூட ஒருவர் இறங்கினார். அப்பா. இந்தப் போட்டியே வேண்டாம் என்றவர், மகனோடு பேச்சுவார்த்தைகூடச் சரியில்லாமல் இருந்தவர், கடைசியில் வந்துவிட்டார்.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். “வந்துட்டான்யா. எதுக்குத் தடுத்தானோ அதுக்கே வந்துட்டான். அப்பன்ல?”

பன்னிரண்டு சுற்றும் இரண்டு பேரும் நின்று அடித்தார்கள். அதை எழுதிப் புரியவைக்க என்னால் ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு ஒன்பது சுற்றுக்கு மேல் பென் குத்தும்போதெல்லாம் கூட்டாளி தன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கே அது தெரியவில்லை. கடைசிச் சுற்றில் யூபாங்க் எங்கிருந்து எடுத்தார் அந்த மூச்சை என்று தெரியவில்லை, முன்னால் வந்து வந்து அடித்தார். மூன்று நடுவர்களும் 116-112. யூபாங்க்.

பெரியப்பா கைதட்டினார். மணி நாலை நெருங்கிவிட்டது, கிழக்குத் தெருவில் பால்காரர் வண்டிச் சத்தம். திரையில் அப்பனும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டாளி மட்டும் திரைக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“என்னடா?” என்றேன்.

“அவனுக்கு யாராச்சும் தண்ணி குடுத்தாகளா, பாரு மாப்ள.”